ஐந்து பேர் ஏறினால் செடானின் அடி தட்டுகிறது: 30 மி.மீ. ஸ்பேசர் போடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். 2016 ஹோண்டா சிட்டி, 175/65 ஆர்15 டயர். தனியாக ஓட்டும்போது தொல்லை இல்லை. வீட்டார் எல்லோரும் ஏறி, டிக்கியில் பைகளையும் அடைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால், தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் வண்டியின் நடு அடிப்பாகம் உரசுகிறது. ஒரு பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் 30 மி.மீ. ஸ்பேசர், அதாவது சஸ்பென்ஷனில் செருகும் கட்டை, வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் போட்டாலே போதும் என்கிறார்கள். எதைப் போடுவது, எவ்வளவு தூக்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் காலியாக இருந்தால் தட்டவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆகவே வண்டியை உயர்த்துவது இரண்டாம் பட்சம். லோடு ஏறியதும் அது உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. நேரடியாகச் சொன்னால், 30 மி.மீ. ஸ்பேசர் வேண்டாம். 10 முதல் 15 மி.மீ. வரை பெரிய பக்கவிளைவு இல்லாமல் கிடைக்கும். அதற்குமேல் தேவைப்பட்டால் அது வேறு வண்டிக்கான தேவை.

முதலில் அந்த மேட்டைப் பார்ப்போம், ஏனென்றால் பாதிக் குற்றம் அதனுடையது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆர வளைவும் கொண்டிருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வடிவம் அது. உங்கள் சிட்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2600 மி.மீ. அப்படியென்றால் வண்டி மேட்டின் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். கணக்குப் போட்டால், சக்கரங்களை இணைக்கும் கோட்டுக்கு மேலே மேடு துருத்துவது வெறும் 50 மி.மீ. தான். எந்த செடானும், எத்தனை பேர் ஏறினாலும், அதில் தட்டக் காரணமே இல்லை. நம் தெருக்களில் தார் கொட்டி இரவோடு இரவாகப் போடும் மேடு 60 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமுமாக இருந்தால் கதை வேறு. முன் சக்கரம் இறங்கிச் சமதரைக்கு வந்துவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, அந்த 150 மி.மீ. முழுவதும் வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். ஒரு நூலும் டேப்பும் எடுத்துப்போய் உங்கள் தெருமுனை மேட்டை அளந்துவிடுங்கள். எத்தனை மி.மீ. தேவை என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இனி வண்டி. கேட்லாகில் சிட்டியின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி 165 மி.மீ. என்று போட்டிருக்கும். இப்படிப்பட்ட எண்ணை எந்த லோடில் அளந்தார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காலி வண்டியில் 165 என்றே வைத்துக்கொள்வோம். பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டால் (இந்த அளவுள்ள வண்டிகளில் இதை ஒட்டித்தான் இருக்கும், உங்கள் வண்டியின் சரியான எண் அல்ல), பின் அச்சில் கூடுதலாக 200 கிலோ ஏறினால் பின்பக்கம் 40 மி.மீ. இறங்கும். பின் இருக்கையில் மூவரும் டிக்கியில் பைகளும் என்றால் அந்த 200 கிலோ வந்துவிடும். முன் இருக்கை ஆட்களின் எடையிலும் ஒரு பங்கு பின்னால் போகும். முன்பக்கம் 10, 15 மி.மீ. இறங்கும். ஆக வண்டியின் நடுப்பகுதி 25 முதல் 30 மி.மீ. வரை தாழ்கிறது. 165 இப்போது 135, 140 ஆகிவிட்டது. 150 மி.மீ. மேடு தட்டாமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. உரசும் இடம் நடுவில் என்றால், பின்பக்கத்தை மட்டும் 20 மி.மீ. தூக்கினாலும் நடுவில் கிடைப்பது 10 தான். முன்பக்கத்தை மட்டும் தூக்கினாலும் அதே பாதிக் கணக்கு. பம்பரின் கீழ் உதடு தட்டுகிறது என்றால் முன்பக்கத்தையும், சைலன்சரின் கடைசி டப்பா தட்டுகிறது என்றால் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே எங்கே தட்டுகிறது என்று காதால் ஊகிக்காமல் கண்ணால் பாருங்கள். அடியில் தாழ்வாகத் தெரியும் எல்லா இடங்களிலும் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவிவிட்டு, அதே ஆட்களோடு அதே மேட்டை ஒருமுறை மெதுவாகக் கடந்து வாருங்கள். சுண்ணாம்பு போன இடம்தான் உங்கள் பிரச்சினை. பார்க்கும்போதே பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் தரைத்தகட்டை ஒட்டி ஓடும் பாதையையும் பார்த்துவிடுங்கள். அவற்றை மூடும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால், ஸ்பேசரைப் பற்றி யோசிக்கும் முன் அதை மாற்ற வேண்டும்.

பல வண்டிகளில் இந்தச் சோதனையிலேயே வேலை முடிந்துவிடுவதுண்டு. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர்கள் வயதாக ஆக இழுபட்டு, குழாய் ஒரு விரல் அகலம் தொங்கிப்போயிருக்கும். இன்ஜினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டின் கிளிப் ஒன்றிரண்டு போய், நடுவில் தொப்பை விழுந்திருக்கும். இவை சில நூறு ரூபாய் வேலைகள். யாராவது ஏற்கெனவே இரும்பு ஸ்கிட் பிளேட் போட்டுவிட்டிருந்தால், அதன் தகடும் பிடிக்கும் கிளாம்பும் சேர்ந்து உங்கள் இடைவெளியில் ஒரு பகுதியைத் தின்றிருக்கும். அடிபடுவதற்கு அது கவசம், அடிபடாமல் இருப்பதற்கு அல்ல.

அடுத்தது ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதா என்று பார்ப்பது. சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நான்கு மூலையையும் கையால் இரண்டு முறை அமுக்கி விட்டுவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்கும். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கடைசிச் சுற்று உடைந்திருக்கிறது. துருப்பிடித்த ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று உடைந்து, உடைந்த துண்டு ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்திலேயே உட்கார்ந்திருப்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது, விரலை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். அதே மாடல் வேறு வண்டி, அதிகம் ஓடாதது, அக்கம்பக்கத்தில் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடலாம். பத்து வயது வண்டியில் நான்கு மூலையும் சமமாகவே 10, 15 மி.மீ. இறங்கியிருந்தால், புதிய ஒரிஜினல் ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றினாலே நீங்கள் தேடும் உயரம் திரும்பக் கிடைத்துவிடும். வண்டி வடிவமைத்தபடியே இருக்கும், சக்கரங்களின் கோணம், அதாவது அலைன்மென்ட், எல்லைக்குள் நிற்கும், யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் பட்டறைகளில் இதைக் கடைசியாகத்தான் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'ஷாக் அப்சார்பர் மாற்றினால் வண்டி தூக்கும்' என்பார்கள். வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குவதற்கு. கேஸ் நிரப்பிய ஷாக் சில மில்லிமீட்டர் தள்ளிக்கொடுக்கும், அவ்வளவே. ஆனால் மோசமாகிப்போன ஷாக் ஒரு விதத்தில் உங்கள் பிரச்சினையைப் பெருக்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டி ஒருமுறை ஆடி நிற்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால், அந்தக் கீழ் ஆட்டத்தில்தான் அடி தட்டுகிறது. ஆகவே எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றுங்கள், உயரத்துக்காக அல்ல, ஆட்டத்துக்காக.

இவ்வளவும் சரியாக இருந்தும் தட்டுகிறது என்றால்தான் தூக்கும் பேச்சு. எளிய வழி டயர். 175/65 ஆர்15 டயரின் விட்டம் 608.5 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5. வித்தியாசம் 13, அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 6.5 மி.மீ. சஸ்பென்ஷனை யாரும் தொட வேண்டியதில்லை என்பதோடு, சக்கரத்தை அடியில் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம், சைலன்சர், தரை எல்லாமே சேர்ந்து உயர்வது டயர் வழியில் மட்டும்தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 102 ஆகும், மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் அது பொருட்டல்ல. 195/65 ஆர்15 போட்டால் 13 மி.மீ. கிடைக்கும், ஆனால் விட்டம் நான்கு சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. மூன்று சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, லோடோடு ஒரு பள்ளத்தில் இறக்கிப் பார்த்து, உள்பக்க லைனரிலோ ஸ்பிரிங் கிண்ணத்திலோ டயர் உரசாமல் இருந்தால் சரி. புது டயரின் லோடு குறியீடு (டயர் தாங்கும் எடைக்கான எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. டயரை எப்படியும் மாற்றும் காலம் வந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள், ஆறு மில்லிமீட்டருக்காக நல்ல டயரைத் தூக்கி எறிய வேண்டாம்.

ரப்பர் பஃபர் என்பது ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு இடையே திணிக்கும் வளையம். அது இரண்டு வேலை செய்கிறது. அந்த இடைவெளி சுருங்காமல் பிடித்துக்கொள்வதால் வண்டி கொஞ்சம் உயர்கிறது. கூடவே ஒரு சுற்று வேலை செய்யாமல் போவதால் ஸ்பிரிங் விறைப்பாகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். ஆறு சுற்றில் ஒன்று முடங்கினால் 20 சதவீதம் விறைப்பு கூடும். பின்னால் 40 மி.மீ. இறங்கிய வண்டி இப்போது 33 தான் இறங்கும். காலியிலேயே 10 மி.மீ. உயர்ந்திருந்தால், லோடில் மொத்தம் 17 மி.மீ. லாபம். உங்கள் பிரச்சினை லோடில்தான் என்பதால், பின்பக்கத்துக்கு பஃபர் பொருத்தமான வைத்தியம். எத்தனை மி.மீ. உயரும் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அது ரப்பரின் கடினம், சுற்று இடைவெளி, வண்டியின் எடை மூன்றையும் பொறுத்தது. போடுவதற்கு முன்னும் ஒரு வாரம் கழித்தும் ஃபெண்டர் அளவு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பஃபரில் எங்கே தவறு நடக்கிறது என்றால், அளவில். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்பிரிங் விரிந்திருக்கும்போது இடைவெளியை அளந்து வாங்கினால், தேவைக்குமேல் பெரிய பஃபர் வந்துவிடும். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இருக்கும்போது, நடுச்சுற்றில் இருக்கும் இடைவெளிதான் அளவு. பெரிதாகப் போட்டால் காலி வண்டியின் பின்பக்கம் மரப்பலகை போலத் தூக்கிப் போடும், ஈரத் தரையில் பின் சக்கரம் பிடிப்பை விடும். ஒரு ஸ்பிரிங்குக்கு ஒன்றுதான், இரண்டு வேண்டாம். போடும் முன் சுற்றிலுள்ள மண்ணைக் கழுவி, சோப்புத் தண்ணீர் தடவி நுழைத்து, இரண்டு முனையையும் கேபிள் டையால் கட்டிவிட வேண்டும். மண்ணோடு போட்டால் ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே அது உப்புத்தாள் போல வேலை செய்து பெயின்டை உரித்துவிடும், உரிந்த இடத்தில் துரு, துருவில் விரிசல், பிறகு ஒருநாள் ஸ்பிரிங் அங்கேயே உடையும். மீதிச் சுற்றுகள் ஒவ்வொன்றும் முழு அமுக்கத்தில் முன்னைவிட அதிகம் வளைய வேண்டியிருப்பதும் இதற்கு உதவி செய்யும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, கழுவி, கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவது என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள்.

இனி 30 மி.மீ. ஸ்பேசர். ஸ்பேசர் என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. எதைப் போடப்போகிறார் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஒன்று, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் வைக்கும் பேக்கிங். மற்றது, முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலைக்கும் பாடிக்கும் நடுவே, மூன்று போல்ட்டுகள் வரும் இடத்தில் வைக்கும் கட்டை. ஸ்ட்ரட்டின் மொத்த ஓட்டம் 160 மி.மீ. என்றும், வண்டி நிற்கும் நிலையிலிருந்து மேலே 90, கீழே 70 என்றும் வைத்துக்கொள்வோம். கிண்ணத்தில் பேக்கிங் வைத்து 30 தூக்கினால், ஸ்ட்ரட் அந்த அளவு ஏற்கெனவே நீண்டுவிட்டது. கீழே இறங்க மீதி 40 தான். சக்கரம் ஒரு பள்ளத்தில் விழும்போதும், மேட்டைத் தாண்டி இறங்கும்போதும், ஷாக் முழுதாக நீண்டு 'டக்' என்று அடித்து நிற்கும். வாடிக்கையாளர்கள் 'முன்னால் ஏதோ தட்டுகிறது' என்று கொண்டுவரும் வண்டிகளில் இது ஒரு வழக்கமான காரணம். ஷாக்கின் உள்ளே இருக்கும் தடுப்பு இதற்கென்று செய்ததல்ல, நாளடைவில் ஆயில் சீல் போகும்.

தலையில் கட்டை வைத்தால் அந்தச் சத்தம் வராது, ஏனென்றால் ஸ்ட்ரட்டின் உள்ளே எதுவும் மாறவில்லை. அதனால்தான் பட்டறையில் அதை விரும்புகிறார்கள், ஓட்டிப் பார்த்ததும் நன்றாகவே இருக்கும். ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது முன்னைவிட 30 மி.மீ. கீழே போகிறது. அந்த எல்லைக்கென்று வடிவமைத்த டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மின் முனையிலுள்ள உருண்டை மூட்டு), பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர் எல்லாம் அதைத் தாண்டி இழுபடுகின்றன. கிடைமட்டத்தில் 400 மி.மீ. நீளமுள்ள டிரைவ் ஷாஃப்டுக்கு 30 மி.மீ. என்பது நான்கு டிகிரிக்கு மேல் கூடுதல் கோணம். வெளி ஜாயின்ட் அதைத் தாங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸ் பக்கம் உள்ள உள் ஜாயின்ட்தான் பலவீனம். நிலையான கோணம் கூடியதும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது முன்பக்கம் இலேசாக அதிரும், விட்டால் அடங்கும். பூட் எனப்படும் ரப்பர் உறை எப்போதும் ஒருபக்கம் மடிந்தே சுழல்வதால் சீக்கிரம் கிழியும், கிழிந்து கிரீஸ் வெளியேறினால் ஜாயின்ட் போனது.

அலைன்மென்ட் விஷயத்தில் ஒரு கணக்கு. லோயர் ஆர்ம் 350 மி.மீ. நீளம், ஏற்கெனவே 5 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை 15 மி.மீ. உயர்த்தினால் பால் ஜாயின்ட் உள்நோக்கி 1.6 மி.மீ. நகர்கிறது. 30 உயர்த்தினால் கிட்டத்தட்ட 4 மி.மீ. உயரம் இரண்டு மடங்கு, கெடுதல் இரண்டரை மடங்கு. 15 போகட்டும், 30 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த வளைவுதான் காரணம், வெறும் பயமில்லை. சக்கரத்தின் கீழ்ப்பகுதி உள்ளே போவதால் மேல்பகுதி வெளியே சாய்கிறது, அதாவது கேம்பர் பாசிட்டிவ் பக்கம் போகிறது. கூடவே டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணமும், மாறும். டோவை, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் திருத்திவிடலாம். கேம்பருக்கு இப்படிப்பட்ட வண்டிகளில் தனித் திருகு இருக்காது, ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) பிணைக்கும் போல்ட்டின் இடைவெளியில் கிடைப்பதுதான். திருத்த முடியாமல் மிச்சமிருப்பது டயரின் வெளி விளிம்பில் தெரியும். பால் ஜாயின்டின் ஆயுள் எவ்வளவு குறையும் என்று எண் சொல்ல முடியாது, சாலைக்குச் சாலை மாறும். குறையும் என்பது மட்டும் உறுதி.

பின்பக்கம் உங்கள் வண்டியில் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம். பேக்கிங் வைப்பது எளிது, டிரைவ் ஷாஃப்ட் இல்லாததால் ஆபத்தும் குறைவு. ஸ்பிரிங் அச்சுக்கு முன்னால் உட்காரும் அமைப்பில் 10 மி.மீ. பேக்கிங் சக்கரத்தில் 10க்குச் சற்று மேலேயே தூக்கும் என்பதால், சிறியதில் தொடங்கி அளந்து பாருங்கள். ஏ.பி.எஸ். இல்லாத சில பழைய வண்டிகளில் பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. அங்கே பின்பக்கத்தைத் தூக்கினால், வண்டி காலியாக இருக்கிறது என்று அது எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்தால், வால்வின் லிங்க்கைத் திருத்தாமல் பின்பக்கம் எதுவும் செய்யாதீர்கள்.

ஹெட்லைட்டும் மாறும். பின்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 19 செ.மீ. கீழே இறங்கும். லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் இதன் தலைகீழ், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். டாஷ்போர்டில் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஒரு சின்னத் திருகு இருந்தால், அது இதற்குத்தான்.

இவ்வளவும் கேட்டபின்னும் முன்பக்கம் 10 மி.மீ. கட்டை வைப்பதென்று முடிவு செய்தால், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று சிலவற்றைப் பாருங்கள். ஒரே துண்டாகக் கடைந்த அலுமினியக் கட்டையாக இருக்கட்டும். வாஷர்களை அடுக்குவது, உள்ளே இரும்புக் குழல் இல்லாத மெத்தென்ற பி.யூ. (பாலியூரித்தேன்) கட்டை, இரண்டுமே நாளடைவில் அமுங்கி நட்டைத் தளர்த்திவிடும். நட்டு முழுதாக ஏறியபின் இரண்டு மூன்று மரையாவது மேலே தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் போல்ட் நீளம் போதாது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் ஷாக்கின் நடு நட்டைக் கழற்றவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் முகம், கை எதுவும் மிஞ்சாது. இன்னொன்று, நம் பட்டறைகளில் பெரும்பாலும் யாரும் கவனிக்காதது: லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டைக் கழற்றியிருந்தால், கடைசி முறுக்கை சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை விழுந்தபின்தான் கொடுக்க வேண்டும். புஷ் என்பது இரும்பில் ஒட்டிய ரப்பர். சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து, வெகு சீக்கிரம் கிழியும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் ஸ்டெபிலைசர் லிங்க்குக்கும் இதே விதி. முடிந்ததும் அலைன்மென்ட், 500 கி.மீ. கழித்து எல்லா நட்டையும் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் மறுபடி சரிபார்ப்பது, அப்போதே பூட்டில் கிரீஸ் தெரிகிறதா என்று பார்ப்பது. இது கட்டாயம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஒரு ரப்பர் பஃபரை யாரும் குனிந்து பார்த்து வழக்குப் போடப் போவதில்லை என்று தோன்றலாம். ஆனால் விபத்துக்குப்பின் இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்ப்பார். ஸ்ட்ரட் தலையில் 30 மி.மீ. கட்டை அவர் கண்ணுக்குத் தப்பாது. எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிட்டுப் போடுங்கள். நான் வக்கீல் அல்ல. சஸ்பென்ஷன் பக்கம் சொன்ன உறுதியோடு இந்தப் பத்தியை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே உங்கள் வண்டிக்கு நான் போகும் வரிசை இது. முதலில் சுண்ணாம்புச் சோதனை, ஹேங்கர், அடித்தட்டு. பிறகு ஃபெண்டர் அளவு எடுத்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நான்கும் புதியது. அப்படியும் போதாவிட்டால் பின்பக்கம் மட்டும் சரியான அளவு பஃபர். டயர் மாற்றும் நேரம் வரும்போது 185/65. லோடில் நடுப்பகுதியில் 15 மி.மீ.யை ஒட்டிக் கிடைக்கும், 138 என்பது 153 ஆகும். உங்கள் மேடு 150 என்றால் மயிரிழையில் தாண்டும், 170 என்றால் தாண்டாது. 170க்காக வண்டியைக் கெடுப்பதைவிட, அளவு எழுதிய படத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுப்பது மலிவு. டயர் காற்றும் மறக்க வேண்டாம். முழு லோடுக்கான அழுத்தம் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் தனியாக எழுதியிருக்கும்.

கடக்கும் விதத்திலும் சில மில்லிமீட்டர் ஒளிந்திருக்கிறது. மேட்டின்மேல் பிரேக் பிடித்தால் மூக்கு தாழும், அதனால் முன் சக்கரம் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, முதல் கியரில் உருட்டுங்கள். தெரு அகலம் அனுமதித்தால், எதிரிலும் பின்னாலும் பார்த்துவிட்டு, கோணலாக ஏறுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரமே ஏறுவதால் மேட்டின் முதுகு வண்டியின் வயிற்றுக்கு நேராக வருவதற்குள் மற்றொரு சக்கரம் அதைத் தூக்கியிருக்கும். முன் சக்கரம் இறங்கியதும் பலரும் தங்களை அறியாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார்கள். பின்பக்கம் அமுங்கி, சைலன்சர் தட்டுவது அந்த நொடியில்தான். பின் சக்கரமும் இறங்கும்வரை கால் அப்படியே இருக்கட்டும்.